மேலே கீழே புரட்டிப் பெருக்கு

ஒரு சின்னப் பரீட்சை. பேனா வேண்டாம், பேப்பர் வேண்டாம், கால்குலேட்டர் கூடவே கூடாது. 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும்? நான்கு விடைகள் தருகிறேன்: 1, 2, 19, 21. ஐந்து விநாடிக்குள் சொல்லுங்கள்.

'அடடா, மீ.சி.ம. எடுக்கணுமே' என்று உங்கள் மனசு 13-ஐயும் 8-ஐயும் பெருக்க ஓடியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். நம்மில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் ஓடுவோம். 12/13 என்பது கிட்டத்தட்ட ஒரு முழுசு. 7/8 என்பதும் கிட்டத்தட்ட ஒரு முழுசு. ஒன்றும் ஒன்றும் இரண்டு. ஒண்ணாங்கிளாஸ் கணக்கு.

1978-ல் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான தேர்வில் இதே கேள்வியை 13 வயசுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். '2' என்று சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 24 பேர். பாதிக்கு மேல் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள். மேலே இருக்கிற 12-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 19. கீழே இருக்கிற 13-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 21. எண்ணைக் கண்டதும் கை கூட்டிவிட்டது. ஒன்றைவிடச் சின்னதாக இருக்கிற இரண்டு சமாச்சாரம் சேர்ந்து எப்படிப் பத்தொன்பது ஆகும் என்று மண்டை கேட்கவே இல்லை.

சில வருஷம் கழித்து அதே தேர்வில் இன்னொரு கேள்வி. ஒரு பஸ்ஸில் 36 சிப்பாய்கள் போகலாம். 1,128 சிப்பாய்களுக்கு எத்தனை பஸ் வேண்டும்? வகுத்தால் 31, மீதி 12. ஆக 32 பஸ். அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 23 பேர். அவர்களைவிட அதிகமானவர்கள், 29 பேர், '31, மீதி 12' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்கள். வகுத்தல் சுத்தம். அந்தப் பன்னிரண்டு சிப்பாய்கள்தான் பாவம், ரோட்டில் நிற்கிறார்கள்.

அமெரிக்கப் பிள்ளைகள் மக்கு என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். நம் நாட்டு கிராமங்களில் வீடு வீடாகப் போய் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின் 2024-ஆம் வருஷ அறிக்கைப்படி, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பேர். அமெரிக்கப் பிள்ளைகளாவது வகுத்துவிட்டு யோசிக்காமல் விட்டார்கள். இங்கே பாதிக்கு மேல் வகுத்தலுக்கே வரவில்லை.

இந்தக் கவலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மேல் வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு. ஒருநாள் மாலை கணக்கு டெஸ்ட் பேப்பரோடு வந்தாள். கேள்வி இதுதான்: 20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு கடிகாரம் 640 ரூபாய். அதன் குறித்த விலை என்ன? அவள் எழுதியிருந்தது இரண்டே வரி. '80 சதவீதம் 640 ரூபாய். அப்போ 10 சதவீதம் 80. அதனால் 100 சதவீதம் 800.'

அழகான இரண்டு வரி. பக்கத்தில் சிவப்பு மையில் மூன்றுக்கு ஒன்று.

"விடை சரிதானேம்மா?"

"சரிதான் தாத்தா. மெதட் இல்லையாம்."

"இதுதானே மெதட்?"

"கைடுல இருக்கிற மெதட் இல்லையாம். ஃபார்முலா எழுதி, அதுல நம்பரைப் போட்டு, அடிச்சுக் காட்டணுமாம்."

அடுத்த டெஸ்டில் ஃபார்முலா எழுதினாள். முழு மார்க். 'சபாஷ்' என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் பெரிய வெளிச்சமில்லை. "முன்னாடி நான் போட்டா சரியா தப்பான்னு எனக்கே தெரியும் தாத்தா. இப்ப மிஸ் டிக் போட்டாதான் தெரியுது" என்றாள்.

அவள் சொன்னது அன்றைக்கு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு குழந்தையிடம் இருந்த ஒரு பொருளை நாம் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு இரண்டு மார்க் கொடுத்திருக்கிறோம்.

சரி, குற்றவாளி யார்? முதல் சந்தேகம் புத்தகத்தின் மேல். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இறக்கிக்கொண்டு நாவல் படிக்கிற மாதிரி படித்தேன். (இலவசம்தான். நீங்களும் செய்யலாம்.) நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு ஸ்டார் போடுகிறோம். லட்சக்கணக்கான பேர் ஒரு வருஷம் முழுக்கப் பையில் சுமக்கிற ஒரு புத்தகத்துக்கு யாராவது விமர்சனம் எழுதினார்களா? எனவே இதோ.

முதலில் நல்லது. நான் படித்த காலத்துக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது கருப்பு எழுத்தும் சாணித்தாளும்தான். இது கலர் கலராக இருக்கிறது. வழக்கமான எண்கள், அளவைகள், இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் எல்லாம் உண்டு. சதவீதம், லாப நஷ்டம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி., கூட்டுவட்டி எல்லாவற்றையும் 'வாழ்வியல் கணிதம்' என்ற அத்தியாயத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது 'தகவல் செயலாக்கம்'. ஃபிபோனாச்சி எண்கள், பக்கத்துப் பக்கத்து மாநிலத்துக்கு ஒரே நிறம் வராமல் வரைபடத்துக்கு நிறம் தீட்டுவது, எழுத்துகளை இடம் மாற்றி ஜூலியஸ் சீசர் பாணியில் ரகசியக் கடிதம் எழுதுவது. பன்னிரண்டு, பதின்மூன்று வயசில் இது என் கையில் கிடைத்திருந்தால் பக்கத்து பெஞ்சுக்கு வருஷம் முழுக்கச் சீசர் கடிதம்தான் அனுப்பியிருப்பேன்.

"இந்தப் பாடம் பிரமாதமா இருக்கே, நடத்தினாங்களா?" என்று கேட்டேன்.

"அது டெஸ்டுக்கு வராது தாத்தா. வீட்ல படிச்சுக்கச் சொல்லிட்டாங்க."

ஆக, புத்தகம் முதல் குற்றவாளி இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு என்.சி.இ.ஆர்.டி. 2024-ல் ஆறாம் வகுப்புக்கும் 2025-ல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் 'கணித பிரகாஷ்' என்ற பெயரில் புதுப் புத்தகம் போட்டது. அதிலும் விளையாட்டு, புதிர் என்று ஜாலியாகத்தான் இருக்கிறது. புத்தகம் எழுதுகிறவர்கள் திருந்திவிட்டார்கள். கேள்வித்தாள் எழுதுகிறவர்கள் இன்னும் பழைய வீட்டிலேயே குடியிருக்கிறார்கள்.

இது புதுப் புகாரும் இல்லை. 2005-ஆம் வருஷத்துத் தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் ஒரு குழு கணக்கு கற்பித்தல் பற்றி அறிக்கை கொடுத்தது. கணக்கு என்றாலே பிள்ளைகளுக்குப் பயமும் தோல்வியும்தான் மிஞ்சுகிறது, தேர்வு முறை அதை வளர்க்கிறது என்று அந்த அறிக்கை பட்டவர்த்தனமாகச் சொன்னது. கணக்கு சொல்லிக்கொடுப்பதன் நோக்கம் குழந்தையின் யோசனையைக் கணிதமயமாக்குவது என்றது. இருபது வருஷம் ஆகிவிட்டது. சிவப்பு மை 'ஃபார்முலா எழுதவில்லை' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறது.

ஏன் ஆறு, ஏழு, எட்டு என்று இந்த மூன்று வகுப்பைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஐந்தாவது வரை கணக்கு என்பது பெரும்பாலும் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். ஐந்து மாங்காய், எட்டு வாழைப்பழம். ஆறாவதில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து வருகிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் எண் இருக்கிறது என்கிறார்கள். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொல்கிறார்கள். மூன்று ஆற்றை மூன்றே வருஷத்தில் தாண்ட வேண்டும். எங்காவது கால் தவறிய பிள்ளை 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்ல ஆரம்பிப்பது இந்த வயசில்தான். அந்த வாக்கியத்தைப் பிறகு யாரும் அழிப்பதில்லை. பிளஸ் ஒன்னில் என்ன குரூப், காலேஜில் என்ன படிப்பு, கடைசியில் என்ன வேலை என்று அது கூடவே வருகிறது.

பின்ன வகுத்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இரண்டாவது பின்னத்தை மேலே கீழே புரட்டிப் பெருக்கு.' உங்களுக்கும் இப்படித்தானே சொன்னார்கள்? ஏன் புரட்ட வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? அரை லிட்டர் பால் இருக்கிறது. கால் லிட்டர் பிடிக்கிற டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர்? இரண்டு. அவ்வளவுதான், அரையைக் காலால் வகுத்தாகிவிட்டது. ஒரு லிட்டரில் நாலு கால் இருக்கிறது, அரை லிட்டரில் அதில் பாதி. அந்த 'நாலு'தான் புரட்டியதும் மேலே வருகிற நாலு. வகுத்தால் விடை சின்னதாகத்தானே ஆகும், இங்கே ஏன் பெரிசாகிறது என்று ஒரு குழந்தைக்குச் சந்தேகம் வரும். வர வேண்டும். பால் டம்ளரைப் பார்த்த குழந்தைக்கு அந்தச் சந்தேகம் தீரும். புரட்டிப் பெருக்கிய குழந்தைக்குச் சந்தேகமே வராது. அதுதான் ஆபத்து.

அடுத்து, மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ். இதை ஏதோ வேதவாக்கு மாதிரி ஒப்பிக்கிறோம். கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் தன் நூலில் சொத்து, கடன் என்று பேர் வைத்து இந்த விதிகளை எழுதினார். அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம், 1758-ல், மாஸெரஸ் என்ற ஆங்கிலேயர் இந்த மைனஸ் விவகாரமே கணக்கைக் கெடுக்கிறது என்று தனிப் புத்தகம் போட்டு எதிர்த்தார். படித்த மேதைகளே ஆயிரம் வருஷம் முரண்டு பிடித்த விஷயத்தை நம் ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் ஒரு பீரியடில் விழுங்க வேண்டும். இத்தனைக்கும் கரும்பலகையில் ஒரு ஏணி போட்டால் போதும். மைனஸ் 2-ஐ மூன்றால் பெருக்கினால் மைனஸ் 6. இரண்டால், மைனஸ் 4. ஒன்றால், மைனஸ் 2. பூஜ்ஜியத்தால், பூஜ்ஜியம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு இரண்டாக ஏறுகிறது. அடுத்த படி மைனஸ் 1. விடை என்ன? எந்தக் குழந்தையும் 'பிளஸ் 2' என்று தானே கத்தும். தானே கத்தினதை அது மறக்காது.

இனி புத்தகத்தின் மேல் எனக்குள்ள புகார்கள். விமர்சனம் என்றால் அதுவும் வேண்டுமல்லவா?

ஒன்று, 'காலமும் வேலையும்'. இந்த ஆட்கள் என் தாத்தா காலத்திலிருந்து சுவர் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் 10 நாளில் கிணறு வெட்டினால் 10 பேர் ஒரே நாளில் வெட்டுவார்கள். இதே கணக்கில் போனால் பதினாலாயிரம் பேர் ஒரு நிமிஷத்தில் வெட்டி முடித்துவிடுவார்கள். அத்தனை பேரும் எங்கே நிற்பார்கள்? 'இந்தக் கணக்கு எந்த இடத்தில் பொய்யாகிறது?' என்று ஒரே ஒரு கேள்வி சேர்த்திருந்தால் அந்த அத்தியாயம் உயிர் பெற்றிருக்கும்.

இரண்டு, வட்டி. தனிவட்டி உண்டு, கூட்டுவட்டி உண்டு. ஆனால் இந்தப் பிள்ளையின் அப்பா பைக் வாங்கப் போகிற இடத்தில் காதில் விழப்போவது 'ஃபிளாட் ரேட்'. ஒரு லட்சம் கடன், 12 சதவீதம் ஃபிளாட், ஒரு வருஷம். வட்டி 12,000. மாசம் 9,333 ரூபாய் கட்ட வேண்டும். '12 சதவீதம்தானே' என்று கையெழுத்துப் போடுகிறோம். மாசா மாசம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். வருஷம் முழுக்கச் சராசரியாக நம் கையில் இருப்பது சுமார் 54,000 ரூபாய்தான். அதற்கு 12,000 வட்டி என்றால் உண்மையான வட்டி 21, 22 சதவீதம்! இதற்கு எட்டாம் வகுப்புச் சராசரியும் சதவீதமும் போதும். பட்டப்படிப்பு தேவையில்லை. ஆடி மாசக் கடை வாசலில் '50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்' என்ற போர்டைப் பார்த்து 70 சதவீதம் என்று நினைத்து உள்ளே போகிறவர்களில் முதுகலைப் பட்டதாரிகளும் உண்டு. (அறுபதுதான். நூறு ரூபாய்ச் சட்டையை வைத்துப் போட்டுப் பாருங்கள்.)

'அப்போ மனப்பாடமே வேண்டாம் என்கிறாயா?' என்று கேட்பவர்களுக்கு: இல்லை ஐயா. வாய்ப்பாடு வேண்டும். ஏழெட்டு எவ்வளவு என்பதிலேயே சிக்கி நிற்கிற மூளைக்குச் சதவீதத்தைப் பற்றி யோசிக்க இடம் இருக்காது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்று முழுக்க மனப்பாடம்தான். கால், அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று பின்னத்துக்கெல்லாம் தனித்தனிப் பேர். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ஆனால் திண்ணையை விட்டு இறங்கினால் நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அந்தப் பேர்கள் தேவைப்பட்டன. ஒப்பித்த மாகாணி மரக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒப்பிக்கிற ஃபார்முலா விடைத்தாளோடு மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பேர். போர்ஷன் முடிக்க வேண்டும். வகுத்தல் தெரியாத பத்துப் பேரையும் கூட்டுவட்டி கேட்கிற பத்துப் பேரையும் ஒரே மணி நேரத்தில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். நாற்பது விடைத்தாளை ராத்திரி உட்கார்ந்து திருத்துகிறவருக்கு, எல்லோரும் ஒரே மாதிரி ஸ்டெப் எழுதினால் வேலை சுலபம். புரிகிறது. சின்ன வகுப்புகளுக்கு 2022-ல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' கொண்டு வந்தபோது பல ஆசிரியர்கள் கல்லும் குச்சியும் வைத்துக்கொண்டு உற்சாகமாகத்தான் பாடம் நடத்தினார்கள். வழி விட்டால் செய்வார்கள்.

அதனால் ஒரே ஒரு கோரிக்கை. பெரிய சீர்திருத்தம் எல்லாம் இல்லை. ஆறிலிருந்து எட்டுவரை ஒவ்வொரு கணக்குத் தேர்விலும் ஒரு கேள்வியை மட்டும் மாற்றுங்கள். 'ஒருவர் இதற்கு இப்படி ஒரு விடை எழுதியிருக்கிறார். கணக்கைப் போடாமலேயே இது தப்பு என்று எப்படிச் சொல்வாய்?' இதற்கு ஐந்து மார்க். கைடு போடுகிறவர்களால் இதற்கு விடை அச்சடித்து விற்க முடியாது. பன்னிரண்டு சிப்பாய்கள் ரோட்டில் நிற்பது யாராவது ஒருவர் கண்ணிலாவது படும்.

அரசாங்கம் செய்கிறவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் 'எத்தனை மார்க்?' என்பதற்கு முன்னால், 'இது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். மிரட்டுகிற மாதிரி அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி. பதில் வராவிட்டால் பரவாயில்லை. கூட உட்காருங்கள்.

உட்காருவதற்கு ஒரு விளையாட்டும் தருகிறேன். தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டுபிடித்தது. ஏதாவது நான்கு இலக்க எண். எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. பெரியதிலிருந்து சிறியதாக ஒருமுறை, சிறியதிலிருந்து பெரியதாக ஒருமுறை எழுதிக் கழியுங்கள். 3524 என்றால் 5432-லிருந்து 2345 போக 3087. அதையே திரும்ப 8730, 0378 என்று எழுதிக் கழித்தால் 8352. இன்னொரு தடவை செய்தால் 6174. அப்புறம் எத்தனை முறை கழித்தாலும் 6174-தான். வேறு எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கேதான் வந்து நிற்கும்.

மேல் வீட்டுப் பெண்ணிடம் இதைக் கொடுத்தேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் நாலு பக்கம் நிறையக் கழித்தல். ஒன்றுக்கும் யாரும் டிக் போடவில்லை.

"ஒரு இடத்துல வேற நம்பர் வந்துச்சு தாத்தா. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான்தான் எங்கேயோ தப்பாக் கழிச்சிருக்கேன்னு. கண்டுபிடிச்சுட்டேன்!"